கிளுவையா, முள்கம்பியா? இரண்டு ஏக்கருக்கு வேலி போட்ட கதை

திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம். 2018-இல் நாலு பக்கமும் வேலி அடைத்தே ஆக வேண்டும் என்ற நிலை. கையில் இருந்த பணம் இரண்டு பக்கத்துக்குத்தான் பத்தியது. அதனால் வடக்கிலும் கிழக்கிலும் கல்கால் ஊன்றி முள்கம்பி கட்டினோம். மேற்கிலும் தெற்கிலும் கிளுவைப் போத்து நட்டோம். கிளுவை என்பது முள்ளோடு அடர்ந்து வளரும் உயிர்வேலிச் செடி; போத்து என்பது நடுவதற்காக அதில் வெட்டி எடுக்கும் கொம்பு. திட்டம் போட்டுச் செய்த சோதனை இல்லை, பணம் இல்லாத சோதனை. ஏழு வருஷம் கழித்து இப்போது யாராவது கேட்டால் நான் கிளுவை கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்பியின் நல்ல குணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். இன்றைக்குக் கட்டினால் இன்றைக்கே வேலி. கோடு போட்ட மாதிரி நேராக நிற்கும், பக்கத்துக் காட்டுக்காரரோடு எல்லைத் தகராறு வராது. இடமும் அடைக்காது. கிளுவை அப்படி இல்லை. வளர்ந்து மூன்றடி அகலத்துக்குப் பரவிவிடும். இரண்டு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய 1,180 அடி. நாலு பக்கமும் கிளுவை வைத்து, அத்தனையும் நம் பக்கமே சாய்ந்தால் எட்டு சென்ட் வேலிக்கே போய்விடும். இருப்பதே 200 சென்ட் என்கிறவனுக்கு அது கண்ணை உறுத்தும்.

செலவில் ஒப்பிடவே முடியாது. கல்கால், ஐந்து வரி முள்கம்பி, கூலி எல்லாம் சேர்ந்து இரண்டு பக்கத்துக்கு 42,000 ரூபாய் ஆனது. கிளுவைப் பக்கத்துக்கு 6,000-கூட ஆகவில்லை. மாமா காட்டில் பழைய வேலியை வெட்டியபோது போத்து சும்மாவே கிடைத்தது. வண்டி வாடகையும் ஆள் கூலியும்தான் செலவு.

சோலார் மின்வேலி பற்றியும் கேட்கிறார்கள். எங்கள் ஊருக்கு அது தேவைப்படவில்லை, நான் வைத்துப் பார்த்ததும் இல்லை. மின்வேலிகளைப் பதிவு செய்யத் தமிழ்நாடு அரசு 2023-இல் விதிமுறைகள் கொண்டுவந்தது. காட்டு ஓரத்தில் இருப்பவர்கள் அதை விசாரித்துக்கொண்டு இறங்குவது நல்லது. லைன் கரண்ட்டை நேராகக் கம்பியில் கொடுப்பது வேலியே இல்லை. அதே வருஷம் மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் அப்படி ஒரு கம்பியில் மூன்று யானைகள் செத்தன.

சரி, கிளுவைக்கு வருவோம். சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்ததும் அடிக்கு ஒரு போத்து வைத்து நட்டோம். மறு வாரமே மாமாவிடம் போய், பக்கத்துக் காட்டு ஆடு உள்ளே வருகிறது என்று புலம்பினேன். "ஏனுங் மாப்ள, போத்து நட்ட அன்னைக்கே ஆடு நின்னுருமுன்னு நெனச்சீங்களா?" என்று சிரித்தார். முதல் மூன்று வருஷம் அது வேலியே இல்லை என்பதுதான் உண்மை. வேலாமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்தோம், அது மக்கியதும் திரும்ப அடைத்தோம். தெற்கு மூலையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் இருபது இருபத்தைந்து போத்து அழுகிப் போனது. இந்த மூன்று வருஷத்தைத் தாண்ட முடியாதவர்கள் கம்பியே கட்டிக்கொள்ளலாம், தப்பில்லை.

அப்புறம்தான் பராமரிப்பு. என் முடிவை மாற்றியது இந்த ஒரு விஷயம்தான்.

கம்பி வேலி நாலைந்து வருஷத்துக்கு எதையும் கேட்காது. அதனால் நாமும் அதை மறந்துவிடுவோம். எங்கள் வேலியில் முதலில் துருப்பிடித்தது காலோடு சேர்த்து இழுத்துக் கட்டிய கட்டுக்கம்பி. பிறகு கோவைக்கொடி ஏறியது. குறுக்கு வழிக்காகக் கம்பியை மிதித்துத் தாண்டுகிறவர்களால் கீழ் இரண்டு வரியும் தொய்ந்தன. ஐந்தாம் வருஷம் ஆடிக்காற்றில் ஒரு கால் சாய்ந்தது, அதோடு இழுபட்டு இன்னும் மூன்று சாய்ந்தன. அந்த வருஷம் ஒரே மூச்சில் 11,000 ரூபாய் போனது. முருங்கை விலை படுத்துக் கிடந்த நேரம் அது.

கிளுவை வருஷா வருஷம் கேட்கும், ஆனால் பணத்தைக் கேட்காது. ஆடிக்காற்று அடங்கி ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒரு தடவை வெட்ட வேண்டும். நானும் வீட்டில் இன்னொருவரும் கொடுவாளும் கவைக்கோலுமாக இறங்கினால் நான்கு நாள். வெட்டிய தழை ஆட்டுக்கு. பருத்த கொம்பு சந்து விழுந்த இடத்துக்குப் போத்து, மிஞ்சினால் கேட்கிறவர்களுக்கு. ஒரு வருஷம் உடம்பு முடியாமல் வெட்டாமல் விட்டேன். மேலே மண்டிவிட்டது, அடியில் வெளிச்சம் இல்லாமல் சந்து விழுந்து, அதில் ஆட்டுக்குட்டி நுழைந்தது. அதாவது கிளுவைக்கு ஊரில் ஒரு ஆள் இருக்க வேண்டும். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை தோட்டத்துக்கு வருகிறவருக்கு இது சரிப்படாது. தோட்டத்தை விற்கிற எண்ணம் உள்ளவர்களுக்கும் கம்பியே லாபம், எடைக்குப் போட்டாலும் காசு வரும்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. காங்கயம், தாராபுரம், கரூர் சுற்று வட்டாரத்தில் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் கிளுவை வேலியை நம்பித்தான் நிற்கிறது. கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. படலைச் சாத்திவிட்டால் மாட்டுக்குப் பின்னால் ஆள் போக வேண்டியதில்லை. காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பதால் புல்லும் தழைய நேரம் கிடைக்கிறது.

மண்ணுக்கு என்ன லாபம் என்று கேட்டால் எனக்குக் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் ஆடியில் மேல்மண்ணையே வாரிக்கொண்டு போகும். அடர்ந்த உயிர்வேலி காற்றை முழுக்கத் தடுக்காமல் வடிகட்டி விடுகிறது. வேலி உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை அதன் பலன் இருக்கும் என்பார்கள். எங்கள் வேலி ஐந்தரை அடி. மேற்கு ஓரத்துக் கத்தரிப் பாத்திகளில் தண்ணீர் விட்ட ஈரம் ஒரு நாள் கூடுதலாக நிற்பது கைக்கே தெரிகிறது. ஆனால் வேலியை ஒட்டிய முதல் வரிசை எப்போதும் சோடைதான், வேர் போட்டி போடுகிறது. ஓணான், கீரி, தேன்சிட்டு எல்லாம் வேலிக்காலில் குடியிருக்கின்றன. பாம்பும் உண்டு, அதனால் சாயங்காலத்துக்கு மேல் அந்தப் பக்கம் கையை விடுவதில்லை. பூச்சி குறைந்ததா என்றால், மருந்தையும் அதே சமயம் குறைத்துவிட்டதால் எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

காட்டுப்பன்றிக்குக் கிளுவை தாங்குமா என்பதில் எனக்கு அனுபவம் இல்லை, எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. மயிலுக்கு இரண்டுமே ஒன்றுதான், பறந்து வந்து இறங்குகிறது. தண்ணீர் நிற்கும் நெல் வயல்களுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். அங்கே நொச்சியோ கிளரிசிடியாவோ வைத்தவர்களைக் கேளுங்கள். சீக்கிரம் வளர்கிறதே என்று சீமைக் கருவேலத்தை மட்டும் வைத்துவிடாதீர்கள். சில ஊர்களில் அதற்கு வேலிக்காத்தான் என்றே பெயர்; காத்ததோ இல்லையோ, வயலுக்குள் வந்துவிடும்.

வடக்கே ரோட்டோரம் கம்பி அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். கிழக்கில் கம்பிக்கு உள்பக்கம் ஒன்றரை அடி தள்ளிப் போன சித்திரையில் போத்து நட்டாகிவிட்டது. இந்தத் தடவை முள் அடைக்கிற வேலை இல்லை. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கம்பி தாங்கினால் போதும்.