குட்டி வாங்குறதுக்கு முன்னாடி போக வேண்டிய இடம்: பல்லடம் பக்கம் ஒரு நாய்ப் பயிற்சி மையம்

நம்ம ஊரில் பொதுவாகக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அது செருப்பைக் கடித்து, நடுவாசலில் மூத்திரம் பெய்து, வீட்டுக்குள் ஆளாளுக்குச் சண்டை வந்த பிறகுதான் பயிற்சிக்கு ஆள் தேடுவார்கள். பல்லடத்திலிருந்து பொள்ளாச்சி போகிற ரோட்டில் ஒரு தென்னந்தோப்புக்குள் நடக்கிற இந்த மையத்துக்குப் போவதாக இருந்தால், தயவுசெய்து குட்டி வாங்குறதுக்கு முன்னாடியே போங்க. பயிற்சியும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த நாய் நம் வீட்டுக்கு ஒத்து வரும் என்று பொறுமையாகப் பார்த்துச் சொல்கிற அந்த ஒரு வேலைக்காகவே நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

நடத்துகிற அண்ணன் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குட்டி விற்பதில்லை, யாரிடமும் கமிஷன் வாங்குவதும் இல்லை. முதல் போனிலேயே இதைச் சொல்லிவிடுகிறார். இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது, ஏனென்றால் குட்டி விற்கிறவரே ஆலோசனையும் சொன்னால் அவரால் எந்தக் குட்டியையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆலோசனைக்குத் தனியாக ஒரு சின்னத் தொகை வாங்குகிறார், பயிற்சியில் சேர்ந்தால் அதைக் கழித்துக்கொள்கிறார்.

முதலில் வீட்டுக்குத்தான் வந்தார். வந்தவர் நாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏனுங்க அம்மிணி, பகல்ல ஊட்டுல ஆரு இருப்பாங்க? சோறு ஆரு வெப்பாங்க? கோழி மேயுதா, அடைச்சு வெச்சிருக்கீங்களா?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே தோட்டத்தை ஒரு சுற்று சுற்றினார். எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். ராத்திரி ஷிப்டுக்கு ஆள் மாறும், பாவு கொண்டுவருகிற வண்டி வரும், பால்காரர் வருவார், தேங்காய் போட ஆள் வருவார்கள். கட்டுத்தரையில் இரண்டு மாடு, நாலைந்து ஆடு, கோழி எல்லாம் அவிழ்ந்தே திரியும். ஒரு பக்கம் மட்டும்தான் சுவர், மற்றபடி கிளுவை வேலி. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

பையன் சைபீரியன் ஹஸ்கிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவனை உட்கார வைத்து அவரே பேசினார். "கண்ணு, அது பனியில வண்டி இழுத்துட்டு நாள் முச்சூடும் ஓடறதுக்குன்னு வளர்த்த நாயி. ஒடம்புல ரெண்டு அடுக்கு முடி. நமக்கு ஒடம்பெல்லாம் வேர்க்கும், நாய்க்கு அப்படி வேர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூடு தணியும். நம்ம சித்திரை வெயில்ல அது என்னத்தப் பண்ணும்?" ஏசி அறையில் வைத்துக்கொள்ளலாமே என்று பையன் விடவில்லை. ஓடுவதற்கென்றே பிறந்ததை அறைக்குள் பூட்டினால் அது கதவையும் சோபாவையும்தான் பிய்க்கும் என்றார். மூக்குச் சப்பையான பக் மாதிரி நாய்களுக்கு மூச்சு வாங்கிச் சூட்டைத் தணிப்பதே கஷ்டம் என்பதால் வெயில் இன்னும் ஆபத்தாம். பையன் முகம் சுருங்கிவிட்டது, ஆனாலும் கேட்டுக்கொண்டான்.

மாமாவுக்கு ராஜபாளையம்தான் நாய். 2005-ல் அஞ்சல் துறை நாய்களுக்குத் தபால்தலை விட்டபோது அந்த நாலில் ராஜபாளையமும் ஒன்று என்று சொல்லித்தான் பேச்சையே ஆரம்பித்தார். அண்ணன் மறுத்துப் பேசவில்லை, வாங்க போய்ப் பார்க்கலாம் என்று தாராபுரம் பக்கம் குட்டி இருக்கிற ஒரு வீட்டுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவர் செய்த ஒரு காரியத்தை அப்படியே சொல்கிறேன், ராஜபாளையம் மாதிரி வெள்ளைக்குட்டி வாங்குகிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். குட்டிகள் தின்றுகொண்டிருக்கும்போது, அவற்றின் பார்வையில் படாமல், நிழலும் விழாமல் பின்னால் போய் நின்று சாவிக்கொத்தை ஒரு குலுக்கு குலுக்கினார். எல்லாக் குட்டிகளும் தலையைத் தூக்கின. ஒன்று மட்டும் தட்டிலிருந்து வாயை எடுக்கவே இல்லை. திரும்பவும் குலுக்கினார், திரும்பவும் அப்படித்தான். அந்தக் குட்டிக்குக் காது கேட்கவில்லை என்பது வளர்க்கிற வீட்டுக்காரருக்கே அதுவரைக்கும் தெரியாது. முடி முழுக்க வெள்ளையாக இருக்கிற நாய்களில் உள்காதிலும் நிறமிச் செல்கள் இல்லாமல் போகலாம், அப்படிப் போனால் காது செவிடாகிவிடும் என்று விளக்கினார். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் சாவிக்கொத்தில் தெரியாது, அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு என்றும் சொன்னார். அந்தக் குட்டியைக் கைச்சாடையில் நன்றாகவே பழக்கலாம், சுற்றுச்சுவர் உள்ள வீட்டுக்குக் கொடுங்கள், ரோட்டோரத் தோட்டத்துக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டார்.

காது நன்றாகக் கேட்கிற குட்டிகள் இருந்தும் எங்களுக்கு ராஜபாளையம் வேண்டாம் என்றுதான் சொன்னார். காரணம் எங்கள் வீட்டில் போகிறவர்கள் வருகிறவர்கள். ராஜபாளையம் தன் வீட்டாரோடு ஒட்டிக்கொள்கிற நாய், வேற்றாளை லேசில் சேர்க்காது. ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறுகிற குடோன் வாசலில் அதைப் பகலெல்லாம் கட்டித்தான் போட வேண்டியிருக்கும், கட்டியே கிடக்கிற நாய்க்குக் கோபம்தான் ஏறும். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டை நாய்கள், கண்முன்னே ஒன்று ஓடினால் துரத்துவது அதுகளின் ரத்தத்தில் இருக்கிறது, ஓடவிட இடமும் கூட நடக்க ஆளும் இருக்கிறவர்களுக்கு அதைப் போல அழகு கிடையாது, கோழியும் ஆட்டுக்குட்டியும் திரிகிற இடத்தில் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். கோம்பையை முதல் நாயாக வளர்க்க வேண்டாம் என்றார். லேப்ரடார் குழந்தைகளுக்கு நல்லது, ஆனால் தீனிக்கு அளவு தெரியாது, எடை ஏறினால் இடுப்பு மூட்டு போகும், காவலுக்கும் நம்ப முடியாது.

கடைசியில் அவர் காட்டியது காங்கேயம் பக்கம் ஒரு பட்டியில் ஆடுகளோடேயே வளர்ந்த நாட்டு நாயின் குட்டி. மாமா முகத்தில் ஈயாடவில்லை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கமெல்லாம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்று, விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடிக்கொண்டிருக்கும்போது நாட்டு நாயா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். "ஏனுங்கய்யா, கேக்க ஆளில்லாமக் கூட்டமாத் திரியறது வேற, கண்ணு தொறந்ததிலிருந்து ஆட்டு வாசத்துலயே கெடந்தது வேற. தாயைப் பாருங்க" என்றார். தாயைப் பார்த்தோம். அதன் முதுகின் மேல் ஓர் ஆட்டுக்குட்டி ஏறி நின்றுகொண்டிருந்தது, அது பாட்டுக்குப் படுத்துக் கிடந்தது. மாமா அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

பட்டிக்காரர் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். குட்டிக்கு அப்போது ஒரு மாசம்தான் இருக்கும். அண்ணன் விடவில்லை. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசு விதியிலேயே இருக்கிறது. இது காசில்லாமல் கிடைத்த குட்டி, ஆனாலும் காரணம் ஒன்றுதான்: எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப் பிறந்ததுகளிடமும்தான் படிக்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி கையைக் கடித்துக்கொண்டே இருக்கும்.

சரி, பயிற்சி. பாதி வீட்டில், பாதி அவர் இடத்தில். நாய்க்குச் சொல்லிக்கொடுத்ததைவிட எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் அதிகம். மூத்திர விஷயத்தில் அவர் சொன்னது: தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் விடுங்க, போனதும் அந்த நொடியே பாராட்டுங்க. இரண்டு மாசக் குட்டியால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது, அதனால் ராத்திரியும் ஒருமுறை எழுந்துதான் ஆக வேண்டும். வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எதுவும் கூடாது. அடித்தால் நாம் பார்க்கிறபோது போகக் கூடாது என்றுதான் அதற்குப் புரியும், பீரோவுக்குப் பின்னால் போய்ப் பெய்யும். அத்தைதான் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார், கருவேப்பிலைச் செடிக்கு அக்கட்டால ஒரு மூலையை ஒதுக்கி அங்கேயே பழக்கினார்.

கோழிக்குப் பழக்கியது தனிக்கதை. நீளமான கயிறு போட்டு, கோழி மேய்கிற இடத்துக்கு ரொம்ப தூரத்தில் குட்டியோடு சும்மா உட்காரச் சொன்னார். கோழியைப் பார்க்கும், அப்புறம் நம்மைத் திரும்பிப் பார்க்கும், திரும்பிய அந்தக் கணத்தில் வாயில் ஒரு துண்டு வேகவைத்த ஈரல். அவ்வளவுதான் பாடம். கோழியைப் பார்த்தால் நம்மிடம் திரும்ப வேண்டும் என்பது அதற்கு வழக்கமான பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போனோம். தறிச் சத்தத்துக்கும் இதே முறை. முதலில் தொட்டிக்கிட்ட சோறு, நாளாக நாளாகக் குடோன் வாசலுக்குப் பக்கத்தில் சோறு. இப்போது அத்தனை தறியும் ஓடும்போது வாசற்படியிலேயே படுத்துத் தூங்குகிறது.

தடுப்பூசி பற்றி அவர் சொன்னதை எல்லாக் குட்டிக்காரர்களும் கேட்க வேண்டும். குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பார்க்கிற காலம் மூணாவது வாரத்திலிருந்து கிட்டத்தட்ட பதினாலாவது வாரம் வரைக்கும். பார்வோ மாதிரி நோய்களுக்கான ஊசிகள் முடிய பதினாறு வாரம் ஆகும். ஊசி முடியட்டும் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் அந்தக் காலம் போய்விடும், ரோட்டில் இறக்கிவிட்டால் நோய் வந்துவிடும். அதனால் கூடையில் வைத்துச் சந்தைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் தூக்கிக்கொண்டு போங்க, தரையில் மட்டும் விடாதீங்க என்றார். அவர் இடத்திலும் முதல் ஊசி போட்ட குட்டிகளை மட்டும்தான் சேர்க்கிறார், தரையை பிளீச்சிங் போட்டுக் கழுவிய வாசம் உள்ளே நுழையும்போதே அடிக்கும். வெறிநாய்க்கடி ஊசியை மூணு மாசத்தில் போட்டுவிடச் சொன்னார். தீனியிலும் வெறும் பால்சோறு போதாது, முட்டை, கறி வேண்டும், வேகவைத்த கோழி எலும்பு கூடவே கூடாது. மழைக்கு அப்புறம் தினமும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பார்க்கச் சொன்னார்.

குறைகளும் இருக்கின்றன. பகலில் போனை எடுக்க மாட்டார், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் நிறையக் குட்டிகளைச் சேர்த்துவிடுகிறார். பயந்த குட்டிகள் ஆள் காலுக்கடியில் ஒளிந்துகொண்டு ஒன்றும் படிக்காமல் திரும்புகின்றன, இதை அவரிடமே சொன்னேன். மழை பெய்தால் இடம் சேறாகிவிடும், வகுப்பைத் தள்ளிவைத்தால் கடைசி நேரத்தில்தான் சொல்கிறார்.

நாயை விட்டுவிட்டு வந்தால் பழக்கித் தருவாரா என்று பலபேர் கேட்கிறார்கள், மாட்டார். அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனசில்லை. கோயம்புத்தூரில் இருக்கிற எங்கள் அக்கா வேறோர் இடத்தில் தன் லேப்ரடாரை ஒரு மாசம் விட்டு எடுத்தாள். திரும்பி வந்தபோது, உட்கார் என்று சொல்ல யார் கையைத் தூக்கினாலும் அது தரையோடு தரையாகப் பதுங்கியது, கழுத்தில் முள் சங்கிலி போட்ட தடம். வீட்டில் யார் பேச்சையும் கேட்கவில்லை. பிறகு அவளையும் இங்கேதான் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்த நாயின் பயம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை, ஆனால் அக்கா கையைத் தூக்கினால் இப்போது வாலை ஆட்டுகிறது.

போகிறவர்கள் புதன், வியாழன் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்க, கூட்டம் இருக்காது. வீட்டில் சோறு வைக்கப் போகிறவர் யாரோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்க, அவர் இல்லாமல் அண்ணன் ஆரம்பிக்க மாட்டார். குட்டி ஏற்கெனவே வாங்கியிருந்தால் தடுப்பூசி அட்டையை மறக்காதீங்க, அது கையில் இல்லாவிட்டால் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் கேட்டுக்கு வெளியில்தான் நிற்க வேண்டும்.