சூத்திரமா, மரமா, பகடையா: ஒரே ஆப்ஷனுக்கு மூன்று கணக்கு

அக்கா மகன் இயற்பியலில் எம்.எஸ்சி. படிக்கிறான். விடுமுறைக்குக் கானாடுகாத்தான் வந்தவன், வளவுத் திண்ணையில் லேப்டாப்பை விரித்துக்கொண்டு, "அம்மான், ஆப்ஷன் விலை போட எதை முதல்ல படிக்கலாம்? சூத்திரமா, பைனாமியல் மரமா, மான்டி கார்லோவா?" என்று கேட்டான். இருபது வருஷமாகக் காரைக்குடியில் பங்குத் தரகு வேலையில் இருக்கிறேன் என்ற தைரியத்தில், "சூத்திரம்தான்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். இரண்டே நாளில் அந்தப் பதிலை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று.

மூன்றுக்கும் ஒரே கேள்வியைக் கொடுத்தோம். பங்கின் இன்றைய விலை 100 ரூபாய். ஒரு வருஷம் கழித்து அதே 100 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும் உரிமை வேண்டும். அதாவது கால் ஆப்ஷன். வட்டி 5 சதவீதம், ஆண்டு வொலாட்டிலிட்டி (விலை ஏறி இறங்கும் அளவு) 20 சதவீதம், டிவிடெண்ட் கிடையாது. இந்த உரிமைக்கு இன்று என்ன பிரீமியம் கொடுக்கலாம்?

சூத்திரம் கண்ணிமைப்பதற்குள் சொல்லிவிட்டது: 10.45 ரூபாய். 1973இல் பொருளாதார அறிஞர்கள் பிளாக்கும் ஷோல்ஸும் வெளியிட்டது. அதே ஆண்டு மெர்ட்டன் அதை விரித்து எழுதினார். 1997இல் ஷோல்ஸுக்கும் மெர்ட்டனுக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. பிளாக் 1995இலேயே காலமாகிவிட்டார். பையனுக்குப் பிடித்துப்போன விஷயம் வேறு. அந்தச் சமன்பாட்டில் மாறிகளைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் அச்சு அசல் வெப்பச் சமன்பாடு. எக்ஸ்பைரி அன்று, அதாவது உரிமை முடியும் நாளில், ஆப்ஷனின் மதிப்பைக் கோடாகப் போட்டால் 100இல் ஒரு கூர்மையான முனை இருக்கும். அங்கிருந்து இன்றைக்குப் பின்னோக்கி வர வர, இரும்புக் கம்பியில் சூடு பரவுவதுபோல அந்த முனை மழுங்கி வளைகோடாகிறது. "இதைத்தானே அம்மான் நாங்க முதல் செமஸ்டர்ல போட்டோம்" என்றான். இந்த உறவு பழையதுதான். பாரிஸில் கணிதவியலாளர் பஷெலியே 1900இலேயே பங்குச்சந்தை விலையைத் தற்செயல் நடையாக எழுதிவிட்டார். பிரவுனிய இயக்கத்துக்கு ஐன்ஸ்டைன் கணக்கு எழுதியது அதற்கு ஐந்து வருஷம் கழித்து.

சூத்திரத்தின் வேகத்தை வேறெதுவும் தொடாது. சந்தை நடக்கும்போது ஐம்பது ஸ்ட்ரைக்குக்கும் (ஒப்பந்தத்தில் குறித்த வாங்கும் விலைக்கும்) விலையும் டெல்டாவும் (பங்கு ஒரு ரூபாய் நகர்ந்தால் ஆப்ஷன் எவ்வளவு நகரும் என்பது) வேண்டுமென்றால் அதுதான். ஆனால் கேள்வியை ஒரு இம்மி நகர்த்தினால் வாயை மூடிக்கொள்ளும்.

மரம் அடுத்தது. 1979இல் காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் மூவரும் கொடுத்த வழி. ஒவ்வொரு படியிலும் விலை ஒன்று ஏறும், இல்லை இறங்கும், அவ்வளவுதான். இதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். ஒரே படி என்றால் விலை 122.14க்குப் போகும் அல்லது 81.87க்கு வரும், ஆப்ஷன் 12.16 ரூபாய். இரண்டு படி போட்டால் 9.54. பையன் முகம் சுளித்தான். ஒற்றைப்படைப் படிக்கு மேலே, இரட்டைப்படைக்குக் கீழே என்று ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடித்தான் 10.45க்கு வந்து சேரும். 100 படியில் 10.43. ஏறி இறங்கினாலும் இறங்கி ஏறினாலும் ஒரே புள்ளியில் வந்து சேர்வதால், 100 படிக்குக் கடைசி வரிசையில் 101 புள்ளிகள்தான். நோட்டில் பார்த்தால் பாதிப் புள்ளிக்கோலம்.

மரத்தின் உண்மையான பலம் 'எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்' என்கிற அமெரிக்க வகை ஆப்ஷனில் தெரியும். ஒவ்வொரு புள்ளியிலும் நின்று "இப்போதே பயன்படுத்திவிடலாமா, காத்திருக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே பின்னோக்கி வரலாம். இதே எண்களுக்குப் புட் ஆப்ஷன், அதாவது 100 ரூபாய்க்கு விற்கும் உரிமை, போட்டோம். எக்ஸ்பைரிவரை காத்திருந்தே ஆக வேண்டும் என்றால் 5.57, எந்த நாளிலும் பயன்படுத்தலாம் என்றால் ஏறக்குறைய 6.09. அந்த ஐம்பத்திரண்டு காசு, காத்திருக்காமல் இருக்கும் சுதந்திரத்தின் விலை. சூத்திரத்துக்கு இந்த ஐம்பத்திரண்டு காசு தெரியாது.

அப்புறம் பகடை, அதாவது மான்டி கார்லோ. 1946இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணிதவியலாளர் உலாம், சீட்டுக்கட்டில் சாலிடேர் ஆடியபோது, ஆட்டம் வெற்றியில் முடிய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு சிக்கலாகவே, "நூறு ஆட்டம் ஆடி எண்ணிவிட்டால் என்ன?" என்று தோன்றியது. அந்த யோசனையை அவரும் வான் நாய்மனும் நியூட்ரான் எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்குத் திருப்பினார்கள். உலாமின் உறவுக்காரர் ஒருவர் சூதாட்ட ஊரான மான்டி கார்லோவுக்குப் போகவேண்டும் என்றே கடன் வாங்குவாராம். பெயர் அங்கிருந்து வந்தது. (கடன் கொடுத்து வாழ்ந்த ஊரில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.) ஆப்ஷனுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஃபெலிம் பாயில், 1977இல்.

பையன் பைத்தானில் பத்து வரி எழுதி 10,000 பாதைகளை ஓட்டினான். 10.45க்குப் பக்கத்தில் வந்தது; ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விடை மாறியது. இந்தக் கணக்கில் திட்டப் பிழை, அதாவது விடை வழக்கமாக விலகும் அளவு, சுமார் 15 காசு. 10 லட்சம் பாதை ஓட்டினால் ஒன்றரைக் காசு. பிழை பத்தில் ஒன்றாகக் குறைய வேலை நூறு மடங்காக வேண்டும். இதுதான் இந்த முறையின் சாபம். ஒரு பங்கு, ஒரு எக்ஸ்பைரி என்ற எளிய கேள்விக்கு இதைப் பயன்படுத்துவது கொசுவுக்குப் பீரங்கி. அமெரிக்க வகைக்கும் நேராக ஒத்துவராது. பாதை முன்னோக்கி ஓடுகிறது, முடிவு பின்னோக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. 2001இல் லாங்ஸ்டாஃபும் ஷ்வார்ட்ஸும் கொடுத்த தொடர்புப்போக்கு (ரெக்ரஷன்) வழியைச் சேர்த்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

இதுவரை பார்த்தால் சூத்திரமும் மரமும்தான் முன்னால் நிற்கின்றன. என் மனம் மாறியது அடுத்த கேள்வியில். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் விழுந்தது. அன்று அலுவலகத்தில் போன் கீழே வைக்க முடியவில்லை. வொலாட்டிலிட்டி ஆண்டுக்கு 20 சதவீதம் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 1.26 சதவீதம்; இதுதான் ஒரு சிக்மா. அப்படியானால் 13 என்பது பத்து சிக்மா. நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும் மணிவளைவை நம்பினால், பிரபஞ்சம் தோன்றிய நாள் முதல் தினமும் சந்தை நடந்திருந்தாலும் ஒருமுறைகூட எதிர்பார்க்கக்கூடாத வீழ்ச்சி. நாம் போட்ட மூன்று கணக்கும் ஒரே மணிவளைவின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றும் 10.45 என்று ஒத்துப்போனதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் அந்த அஸ்திவாரத்தை மாற்ற வேண்டுமென்றால்? மெர்ட்டன் 1976இல் சொன்ன திடீர்த் தாவல்களைச் சேர்க்க, மான்டி கார்லோவில் மூன்று வரி போதும். மரத்தை இதற்காக வெட்டி ஒட்டுவதற்குள் விடிந்துவிடும்.

மறுநாள் பெட்டகத்திலிருந்து ஐயாவின் பர்மாப் பேரேட்டை எடுத்துக் காட்டினேன். பிள்ளையார் சுழி, தமிழ் எண்கள், ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. பெட்டியடிப் பையனாக (கடைநிலை வேலையாளாக) கப்பலேறி மேலாளாக உயர்ந்தவர் எழுதியது. கடன் வாங்கிய ஒவ்வொரு பெயருக்கும் நேரே நிலம் ஈடு. 1930இல் நெல்விலை சரிந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் சுமார் 6 சதவீதத்திலிருந்து 1938க்குள் 25 சதவீதமானது. விரும்பி வாங்கியதல்ல, வராத கடனுக்கு வந்து விழுந்தது.

பையன் யோசித்துவிட்டு இப்படி வைத்துக்கொண்டான். இருபது கடன். ஒவ்வொன்றும் ஒரு வருஷத்தில் முடங்க 10 சதவீத வாய்ப்பு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்றால், பத்தும் அதற்கு மேலும் ஒரே வருஷத்தில் முடங்க லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. இப்போது பத்து வருஷத்துக்கு ஒருமுறை நெல்விலை விழும், அந்த வருஷம் மட்டும் வாய்ப்பு 55 சதவீதம், மற்ற வருஷங்களில் 5 என்று மாற்றினான். சராசரி அதே 10தான். வருஷத்துக்கு இரண்டு கடன். ஆனால் பத்தோ அதற்கு மேலோ முடங்கும் வருஷம் நூற்றுக்கு ஏழரை.

இந்த அளவுக்குக் கையாலேயே போட்டுவிடலாம், பகடை வேண்டாம். மழை, கப்பல் கூலி, நடப்பு வட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது பகடையை விட்டால் வேறு வழியில்லை. அதனால் என் திருத்திய பதில்: முதலில் மரம், கையால், ஐந்து படி. ஆப்ஷன் விலை எங்கிருந்து வருகிறது என்பது அங்கேதான் புரியும். அப்புறம் நேராகப் பகடை. சூத்திரத்தை, பகடை சரியாக ஓடுகிறதா என்று சரிபார்க்கும் எடைக்கல்லாக வைத்துக்கொண்டால் போதும்.

"அப்ப ஐயா காலத்துல இந்தப் புரோகிராம் இருந்திருந்தா?" என்றான். ரங்கூனில் செட்டியார்கள் கோயிலில் கூடி வட்டி நிர்ணயித்த காலம் அது; எல்லோரும் ஒரே விகிதம், எல்லோருக்கும் ஒரே நெல். அந்த 55ஐ யார் போட்டிருப்பார்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல், பேரேட்டில் 1929ஆம் ஆண்டுப் பக்கத்தைத் தேட ஆரம்பித்தான்.