பாண்டில ஆக்ஸலாட்டல் வாங்கறவங்க உஷார், "பேப்பரோட தரேன்"னா நம்பாதீங்க

மக்களே, கடலூர் பாண்டி பக்கம் ஆக்ஸலாட்டல் (தண்ணிலயே வாழற, நாலு காலு இருக்கற மெக்சிகோ உயிரு) வளக்கறவங்க, பிரீட் பண்ணி நாலு காசு பாக்கலாம்னு இருக்கறவங்க இதை படிச்சிட்டு போங்க. பாண்டில ஒரு பெட் ஷாப், பேரு வேணாம், போட்டா சண்டைக்கு வருவாரு. பிரீடிங் ஜோடி 9000, மேல 3000 குடுத்தா "வைல்டுலைப் சர்டிபிகேட்டோட தரேன் தம்பி, அண்ணன் கேரண்டி"ன்னாரு. மொத்தம் 12000 ஜிபேல போட்டேன், பில் கேட்டா சர்டிபிகேட்டே பில்லுதான்னு பதில்.

ஜோடில குறை சொல்ல மாட்டேன். நம்ம வெயிலுக்கு சில்லர் போட்டு தண்ணிய 18 டிகிரில நிறுத்தினேன், கரண்ட் பில்லு எகிறுச்சு, ஆனா டேங்க்ல வச்ச ஜாவா மாஸ் செடி முழுக்க முட்டை. குட்டிங்களுக்கு தினம் ஆர்ட்டீமியா (குட்டி இறால் மாதிரி ஒரு தீனி) முட்டைய பொரிக்க வச்சு குடுக்கணும், கொஞ்சம் லேட்டானா ஒண்ணோட காலை ஒண்ணு கடிச்சிடும், அப்புறம் அது திரும்ப மொளச்சிரும், அது வேற கதை. சென்னைலேர்ந்து ஒருத்தர் குட்டி கேட்டாரு, மொத வார்த்தையே "பரிவேஷ்ல பதிஞ்ச நம்பர் அனுப்புங்க ப்ரோ". பரிவேஷ்னா இந்த மாதிரி உயிருங்களை பதியற மத்திய அரசு வெப்சைட்.

அப்பதான் வண்டவாளம் வெளிய வந்துச்சு. கலர் பிரிண்ட், லேமினேஷன், வட்டமா ஒரு சீலு எல்லாம் இருக்கு, ஆனா 'வகை'ங்கற எடத்துல 'மீன்'னு போட்டிருக்கு. கடைல வாக்கிங் பிஷ்னு சொல்றது சும்மா பேருக்கு, அது தவளை ஜாதிக்கு சொந்தக்கார உயிரு, சர்டிபிகேட் குடுக்கற ஆளுக்கு அது கூடவா தெரியாது? நெய்வேலி நண்பன் அதே கடைல வாங்கினான், அவன் பேப்பர்லயும் அதே நம்பர்!

கடைக்காரருக்கு போன் பண்ணா, "இதெல்லாம் வெளிநாட்டு ஐட்டம், டேங்க்ல பொறந்தது, சட்டமெல்லாம் புலி யானைக்குத்தான்"ங்கறாரு. சுத்தப் பொய். அழியற உயிருங்க வியாபாரத்தை கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தம் சைட்டீஸ், அதோட ரெண்டாம் பட்டியல்ல ஆக்ஸலாட்டல் இருக்கு. 2022ல வனவிலங்கு சட்டத்தை திருத்தினப்போ சைட்டீஸ் உயிரினங்களை நாலாவது அட்டவணைல கொண்டு வந்தாங்க, 2023 ஏப்ரல் 1லேர்ந்து அமல், பதிவு பண்ற ரூல்ஸ் 2024 பிப்ரவரில வந்துச்சு. கைக்கு வந்த 30 நாளுக்குள்ள பரிவேஷ்ல நம்ம பேர்ல பதியணும், கை மாறினாலும் குட்டி போட்டாலும் செத்தாலும் சொல்லணும், டேங்க்ல பொறந்ததுங்கறதுக்காக விலக்கு கிடையாது. அதுவும் பாண்டிக்கு தனி தலைமை வன உயிரினக் காப்பாளர், கடலூர்ல இருக்கற நமக்கு தமிழ்நாட்டுக்காரர், சரக்கு வாங்கற மாதிரி முள்ளோடை பார்டர் தாண்டி கொண்டு வந்தா முடிஞ்சுதுன்னு கிடையாது.

மெக்சிகோல அந்த சோச்சிமில்கோ கால்வாய்ல அது அழியப் போற நிலைமைல இருக்கு, அதனால ரூல்ஸ் இருக்கறதுல எனக்கு வருத்தமே இல்ல. ஆனா மாட்டறது யாரு, வீட்டுல நாலு டேங்க் வச்சிருக்கறவன்தான், போலி பேப்பர் விக்கறவரு ஜாலியா இருக்காரு. குட்டிங்களை விக்கவும் முடியல, ஏரில குளத்துல விடவும் கூடாது, வனத்துறை ஆபீஸ்ல மனு குடுத்துட்டு தீனி போட்டுட்டு இருக்கேன்.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி விக்கறவரோட பரிவேஷ் பதிவை உங்க கண்ணு முன்னாடி ஓபன் பண்ணி காட்டச் சொல்லுங்க, மழுப்பினா எந்திரிச்சு வந்துடுங்க. ஏற்கெனவே பாண்டில வாங்கினவங்க யாராச்சும் இருந்தா பேப்பரை எடுத்து பாருங்க, நம்பர் 0117ல முடிஞ்சா எனக்கு மெசேஜ் போடுங்க, சேந்து போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுப்போம்.