238: ஜுராசிக் பார்க் நாவலை இப்போதுதான் படித்தேன்

படம்தான் பார்த்தாச்சே, புத்தகத்தில் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்று பல வருடங்களாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். தப்பு என்னுடையது. மைக்கேல் கிரைட்டன் 1990-இல் எழுதிய நாவலும் 1993-இல் வந்த ஸ்பீல்பெர்க் படமும், பழைய டிஎன்ஏ-விலிருந்து டைனோசர்களை உருவாக்கிக் காட்சிக்கு வைத்திருக்கும் ஒரே தீவில்தான் நடக்கின்றன, பெயர்களும் பெரும்பாலும் அதேதான், ஆனால் ரகமே வேறு. படம் பிரமிக்க வைக்கிறது. புத்தகம் ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட வைக்கிறது. கோஸ்டா ரிகா கடற்கரையில் ஒரு சிறுமியைப் பல்லி மாதிரி ஏதோ ஒன்று கடித்துவிட, அது என்ன பல்லி என்று ஆளாளுக்கு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நமக்கு விடை தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்த இழுபறியே சுகமாக இருக்கிறது.

இனி வரும் இரண்டு பத்திகளில் கதையின் முக்கியமான முடிச்சைச் சொல்லப் போகிறேன், வேண்டாதவர்கள் தாண்டிவிடலாம்.

தீவு முழுக்கக் கேமராக்கள். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் விலங்குகளை எண்ணிக்கொண்டே இருக்கிறது, எப்போது பார்த்தாலும் 238, ஒன்றுகூடக் குறையவில்லை, அதனால் எதுவும் தப்பிக்கவில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். கணித நிபுணர் மால்கம் மட்டும், 239 இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள் என்கிறார். இருக்கிறது! சரி, 300 என்று தேடுங்கள் என்கிறார். திரையில் 292 வந்து நிற்கிறது. வெலாசிராப்டர் என்ற வேட்டை டைனோசர் எட்டு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தேழு. விலங்கு குறைந்துவிடுமோ என்று பயந்து எழுதிய நிரல் அது, 238 கிடைத்ததும் எண்ணுவதை நிறுத்திவிடும். எல்லாமே பெண் விலங்குகள், இனம் பெருகாது என்று நம்பியவர்களுக்கு எண்ணிக்கை கூடும் என்ற யோசனையே வரவில்லை. பழைய டைனோசர் டிஎன்ஏ-வில் இருந்த ஓட்டைகளை அடைக்கத் தவளையின் டிஎன்ஏ-வைச் சேர்த்ததுதான் வினையாகிவிட்டது, சில தவளை இனங்கள் பால் மாறக்கூடியவை.

டைனோசர் துரத்தும் காட்சி எதிலும் எனக்கு வராத நடுக்கம் இந்தப் பட்டியலைப் படிக்கும்போது வந்தது. இதற்கு முன்பே ஒரு வரைபடத்தைக் காட்டி ஆசிரியர் கோடி காட்டிவிடுகிறார் என்பதும் பிறகுதான் உறைத்தது. மூன்று தவணையாக வெளியே விட்ட விலங்குகளின் உயரத்தை வரைந்தால் மூன்று மேடு வர வேண்டும், வந்திருப்பதோ அழகான ஒரே ஒரு மணி வடிவக் கோடு, தானாகப் பெருகும் கூட்டத்துக்கு வருவது போல. பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன்.

படத்தில் பாசமான தாத்தாவாக வரும் பூங்கா முதலாளி ஹாமண்ட் இதில் பச்சை வியாபாரி. மருந்து கண்டுபிடித்தால் விலையைக் குறை என்று எல்லோரும் நெருக்குவார்கள், கேளிக்கைக்கு நாம் வைத்ததுதான் விலை என்று அவர் கணக்குச் சொல்லும் இடம் ஒன்று வருகிறது. ராப்டரைவிட இந்த ஆள் மேல்தான் எனக்கு அதிக பயம்.

குறை இல்லாமல் இல்லை. மால்கம் அடிபட்டு மார்ஃபினில் படுத்துக்கொண்டும் பிரசங்கத்தை நிறுத்த மாட்டேன் என்கிறார், முதல் இரண்டு முறை சரி, அப்புறம் பக்கங்களைத் தள்ளத் தோன்றுகிறது. ஹாமண்டின் பேத்தி லெக்ஸுக்கு அழுவதையும் சிணுங்குவதையும் தவிர வேலையே கொடுக்கவில்லை, கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் அண்ணன் டிம் கையில்தான், படத்தில் அதை மாற்றியது நல்ல காரியம். தீவைப் பார்க்க வரும் ஆய்வாளர்கள் கிராண்ட், எல்லி இருவரும் ஆட்களாக மனதில் பதியவில்லை. அறிவியலைப் பொறுத்தவரை, அவ்வளவு காலம் டிஎன்ஏ தாங்காது, நிஜ வெலாசிராப்டர் வான்கோழி அளவுதான், இறகு வேறு உண்டு. அதெல்லாம் படிக்கும்போது உறுத்தவில்லை. ரத்தம்தான் தாராளமாக ஓடுகிறது, சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியில் ராப்டர் கூட்டுக்குள் இறங்கும் பகுதி இழுவை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்குப் பிடித்திருந்தது. அத்தனை கேமராவும் கணினியும் கைவிட்ட பிறகு, இருட்டுப் பொந்துக்குள் தவழ்ந்து போய், எத்தனை முட்டை பொரிந்திருக்கிறது என்று மனிதர்களே உட்கார்ந்து ஓடுகளை எண்ணுகிறார்கள்.