மொறிஸ் மைனரா, கொறோலா 121ஆ?

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வாங்குபவர் மொறிஸ் மைனர் 1000இன் பெயின்றைப் பார்த்து மயங்கக்கூடாது. காருக்குக் கீழே படுத்துப் பார்க்கவேணும். கதவுகளுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டி (சைட் சில்), ஜக் வைக்கும் இடம், பின் லீஃப் ஸ்பிரிங் பிடிக்கும் இடம் மூன்றும் உப்புக்காற்றில் உக்கும். அதைவிட ஆபத்து முன்சில்லின் கீழ் ட்றனியன், அதாவது சில்லு திரும்பும் புரிபோட்ட மூட்டு. 3000 மைலுக்கு ஒருதடவையாவது கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேய்ந்து, ஓடும்போதே சில்லு மடங்கிவிடும். எஞ்சின் எளிது, 1962க்குப் பிறகு 1098 சிசி, ஒற்றைக் காபரேற்றர். ஆனால் நாலு சில்லுக்கும் டிரம் பிறேக்தான். கண்டி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் இடைவெளி விட்டே ஓடுங்கள்.

2000இல் வந்த ரொயோட்டா கொறோலா 121இன் 1.5 லீற்றர் எஞ்சினுக்கு ரைமிங் செயின். ரைமிங் பெல்ற் மாற்றும் செலவில்லை. ஓட்டோ கியர் ஒயில் கறுத்துக் கருகல் மணம் அடித்தால் அந்தக் காரை வாங்காமல் விட்டுவிடுங்கள்.

எதுவானாலும் றேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் கேத்திலுக்குள் வெள்ளையாய்ப் படிவதுபோல அங்கேயும் படியும். வடிநீரில் கலந்த கூலன்ற்தான் இரண்டுக்கும் நல்லது.

தினமும் வேலைக்கு ஓட 121. கிறீஸ் கன்னும் (கிறீஸ் அடிக்கும் கருவி) பொறுமையும் உள்ளவருக்கு மைனர்.