வெயில் ஊரில் வாட்டர் கூலிங்: காசை எந்தப் பாகத்தில் போடுவது?

கணினிக்கு வாட்டர் கூலிங் (பம்ப் சுற்றவிடும் நீரால் பாகங்களின் வெப்பத்தை எடுத்து, ரேடியேட்டர் வழியே காற்றில் விடும் முறை) அமைக்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் தேடுவது பிராசசரின் மேல் உட்கார்ந்து அதன் வெப்பத்தை நீருக்கு மாற்றும் வாட்டர் பிளாக்கைத்தான். நிக்கல் பூச்சு பளபளக்கும், விளக்கு எரியும், புகைப்படத்தில் அழகாக விழும். என் கருத்து இதற்கு நேர் எதிரானது. கையில் உள்ள பணத்தில் பெரும்பங்கு ரேடியேட்டருக்கும் அதில் மாட்டும் ஃபேன்களுக்கும் போக வேண்டும். அடுத்தது பம்ப். பிளாக் கடைசியில் வரட்டும். திருச்சியில் 2021 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பின் அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

கணினி ரைசன் 9 5950எக்ஸ் பிராசசரும் ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டும் கொண்டது. இரண்டும் 2020இல் வெளிவந்தவை. என் வேலை பிளெண்டர் என்ற மென்பொருளில் கட்டடங்களின் முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்வது. இரவில் வேலையைத் தொடங்கி வைத்தால் விடியும்வரை ஓடும். அடுத்த அறையில் அப்பா தூங்குவார். கார்டின் மூன்று ஃபேன்களும் முழு வேகத்தில் சுழலும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. எனக்கு வேண்டியிருந்தது அமைதி. வாட்டர் கூலிங்கை நான் பரிந்துரைப்பதும் முதலில் அந்த அமைதிக்காகத்தான்.

ஏனென்றால், குளிர்ச்சி என்ற சொல்லை நம்பி இதில் இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ரேடியேட்டர் வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைக்கும் கருவி, அவ்வளவுதான். அறையின் வெப்பநிலைக்குக் கீழே அது நீரைக் கொண்டுபோக முடியாது. என் அமைப்பு முழுச் சுமையில் ஓடும்போது, ஃபேன்கள் மெதுவாகச் சுழல, நீர் அறையைவிட ஏறத்தாழ 9 டிகிரி அதிகமாக இருக்கும். ஏசி போட்ட அறை 26 டிகிரி என்றால் நீர் 35. மே மாதத்தில் ஏசி இல்லாமல் அறை 37ஐத் தொட்டால் நீர் 46. அந்த 9 டிகிரி இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எடுக்கப்பட்ட சோதனை முடிவுகளைப் படிக்கும்போது அறை வெப்பநிலை என்ன என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் 20, 21 என்று இருக்கும். நம் ஊருக்கு அந்த எண்களோடு பதினைந்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் நம் கையில் இருப்பது அந்த இடைவெளி ஒன்றுதான். அதைக் குறைக்க இரண்டு வழிகள்: ஃபேனை வேகமாகச் சுழற்றுவது, ரேடியேட்டரின் பரப்பைக் கூட்டுவது. முதலாவது சத்தம் போடும். எனவேதான் பரப்பு என்கிறேன். 100 வாட் வெப்பத்துக்கு ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் அளவு ரேடியேட்டர், அதற்கு மேல் ஒன்று கூடுதலாக என்பது இந்தத் துறையில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. என் பிராசசருக்கு ஏஎம்டி வைத்துள்ள மின் உச்சவரம்பு 142 வாட், கார்டுக்கு என்விடியா சொல்வது 320 வாட். மொத்தம் 460க்குச் சற்று மேல். கணக்குப்படி ஐந்தும் ஒன்றும் ஆறு. கேபினெட்டின் முன்பக்கம் ஒரு 360 (மூன்று 120 மில்லிமீட்டர் ஃபேன்கள் மாட்டும் ரேடியேட்டர்), மேல்பக்கம் ஒரு 360 என்று ஆறு ஃபேன்களுக்கான இடம் அமைந்தது. கேபினெட் வாங்கும்போதே இதைப் பார்த்துவிடுங்கள். ‘360 ரேடியேட்டர் பொருந்தும்’ என்று விளம்பரத்தில் இருக்கும். ஆனால் ஃபேனின் 25 மில்லிமீட்டர் தடிமனையும் சேர்த்தால் மேல்பக்கத்தில் மெமரி குச்சிகளில் இடிக்குமா என்று அதில் இருக்காது.

நான் எடுத்தவை ஜெர்மனியின் ஆல்ஃபாகூல் ரேடியேட்டர்கள். முன்னால் எக்ஸ்டி45, மேலே எஸ்டி30. பெயரில் உள்ள எண்தான் மில்லிமீட்டரில் தடிமன். இதே நிறுவனத்தில் 60, 80 என்று தடித்தவையும் உண்டு. தடிமன் கூடினால் பலன் கூடும் என்பது பாதி உண்மை. தடித்த ரேடியேட்டரை ஊடுருவக் காற்றுக்கு வேகம் வேண்டும், வேகம் என்றால் சத்தம். ரேடியேட்டருக்குள் உள்ள மெல்லிய தகடுகளின் நெருக்கமும் அப்படித்தான். பேன் சீப்பின் பற்களைப் போல நெருங்கி நிற்கும் தகடுகள் வேகமான ஃபேனுக்குத்தான் ஒத்துவரும், தெருப்புழுதியும் அதில் எளிதில் அடைத்துக்கொள்ளும். மெல்லிய ரேடியேட்டர் இரண்டு, தடித்தது ஒன்றைவிட மேல். பிலிப்பைன்ஸில் தயாராகும் ஹார்ட்வேர் லேப்ஸின் பிளாக் ஐஸ் வரிசையும் நல்ல தேர்வு. மேசைக்குக் கீழே இடம் இருப்பவர்கள் வாட்டர்கூல் நிறுவனத்தின் மோ-ரா3 போன்ற, ஒன்பது ஃபேன்கள் மாட்டக்கூடிய வெளி ரேடியேட்டரை நினைத்துப் பார்க்கலாம். என் அறையில் அதற்கு இடமில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ரேடியேட்டர் செம்பாகவோ பித்தளையாகவோ இருக்க வேண்டும். இணையக் கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கும் அலுமினிய ரேடியேட்டரைச் செம்பு பிளாக்குடன் ஒரே நீரில் இணைத்தால், இரண்டு உலோகங்களுக்கும் இடையில் மின்வேதி அரிப்பு தொடங்கும். அலுமினியம் கரையும், கரைந்தது பிளாக்கின் நுண்ணிய கால்வாய்களில் போய் அடையும். அரிப்புத் தடுப்பான் கலந்த கூலன்ட் (அமைப்பில் சுற்றும் திரவம்) அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்திவிடாது.

ஃபேனுக்கு ஆர்க்டிக் பி12. நாக்டுவாவின் என்எஃப்-ஏ12எக்ஸ்25 இன்னும் நேர்த்தியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆறு வாங்க வேண்டும் என்னும்போது விலை வித்தியாசம் ஒரு கூடுதல் ரேடியேட்டர் அளவுக்கு வந்து நிற்கிறது. அந்தப் பணத்தைப் பரப்பில் போடுவதே சரி.

இந்த ஃபேன்களை எதை வைத்துக் கட்டுப்படுத்துவது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. மதர்போர்டு இயல்பாகப் பிராசசரின் வெப்பநிலையைப் பார்க்கும். அது ஒரு கோப்பைத் திறந்தாலே பத்து டிகிரி தாவும், ஃபேன்களும் கூடவே ஏறி இறங்கும். நீர் அப்படித் தாவாது, மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். நீரின் வெப்பநிலையை வைத்து ஃபேனை ஓட்டினால்தான் இந்த அமைப்பின் அமைதி கைக்கு வரும். டியூபைப் பாகத்தோடு இணைக்கும் ஃபிட்டிங்குக்கான துளையில் திருகக்கூடிய சிறு சென்சார் ஒன்று போதும். நான் ஆக்வா கம்ப்யூட்டரின் குவாட்ரோ என்ற கட்டுப்பாட்டுப் பலகையை வைத்திருக்கிறேன். நான்கு ஃபேன் இணைப்புகள், நான்கு சென்சார் இணைப்புகள் கொண்டது.

இங்கேயும் நம் வெயிலுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ஜனவரியில் ‘நீர் 40 டிகிரி தொட்டால் ஃபேன் முழு வேகம்’ என்று அமைத்தால், மே மாதத்தில் கணினி சும்மா இருக்கும்போதே ஃபேன்கள் அலறும், பலனும் இருக்காது. அதனால் இரண்டாவது சென்சார் ஒன்றை ரேடியேட்டருக்குள் நுழையும் காற்றில் தொங்கவிட்டு, நீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து வேகத்தை அமைத்திருக்கிறேன். வித்தியாசம் 4 டிகிரிக்குள் இருந்தால் மிக மெதுவாக, 10ஐத் தாண்டினால் விரைவாக. ஆண்டு முழுவதும் அதே அமைப்பைத் தொடாமல் ஓட்ட முடிகிறது. இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பம்ப்புக்கு டி5. ஆண்டுக்கணக்கில் பலரிடம் நின்று ஓடிய வடிவமைப்பு, பல நிறுவனங்கள் தங்கள் பெயரில் விற்பதும் இதைத்தான். டிடிசி என்ற இன்னொரு வகை உருவில் சிறியது, அழுத்தம் அதிகம், சூடும் அதிகம். இடப்பற்றாக்குறை இல்லாதவரை டி5தான் என் தேர்வு. அதை முழு வேகத்தில் ஓட்ட வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால், 460 வாட் வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு நீர் ஒரு சுற்றில் ஏறுவது 2 டிகிரிக்குச் சற்று மேல்தான். எந்தப் பாகத்துக்குப் பின் எந்தப் பாகம் என்ற வரிசைக்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. ஒரே ஒரு விதி மட்டும்: பம்ப்புக்கு முன்னால், அதைவிட உயரத்தில் ரிசர்வாயர், அதாவது நீர்த்தொட்டி. டி5இன் பேரிங்குக்கு உள்ளே ஓடும் நீர்தான் மசகு. வறண்டு ஓடினால் கெட்டுவிடும். அடியில் ஒரு தடித்த ஸ்பாஞ்ச் வைத்தால் கேபினெட்டின் தகரத்துக்கு அதிர்வு போகாது.

பிளாக்குகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிராசசர் பிளாக்குகளில் நல்லதற்கும் மிக நல்லதற்கும் இடையே சில டிகிரிகள்தான். 5950எக்ஸில் வெப்பம் பிறப்பது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 சதுர மில்லிமீட்டர் கொண்ட இரண்டு சில்லுகளில். அந்தச் சிறு பரப்பிலிருந்து மேல்மூடிக்கு வெப்பம் ஏறுவதே பெரிய தடை, பிளாக்கால் அதைத் தீர்க்க முடியாது. ஆகவே பிராசசருக்கு மட்டும் வாட்டர் கூலிங் போட நினைத்தால், வேண்டாம். நல்ல காற்றுக் கூலர் ஒன்றே போதும்.

கிராஃபிக்ஸ் கார்டில் கதை வேறு. பலன் முழுக்க அங்கேதான் இருக்கிறது. காற்றில் எழுபதுகளின் நடுவில் இருந்த 3080, நீரில் ஏசி அறையில் நாற்பதுகளின் பிற்பகுதியிலும் மே மாதத்தில் 60க்குக் கீழும் நிற்கிறது. அதைவிட முக்கியம் மெமரி. 3080இல் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரியில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வகை. கோடை இரவுகளில் காற்றுக் கூலரில் அது நூறை நெருங்குவதைப் பார்த்திருக்கிறேன். பிளாக்கும், மெமரியின் வெப்பத்தை அதற்குக் கடத்தும் தரமான தெர்மல் பேடும் போட்ட பிறகு எண்பதுகளைத் தாண்டியதில்லை. ஆனால் இந்த பிளாக் அந்தக் கார்டின் சர்க்யூட் பலகைக்கு மட்டுமே பொருந்தும். ஒரே 3080ஐ ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு பலகையில் செய்கிறது, எனவே முதலில் பிளாக் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுக் கார்டை வாங்குங்கள். கழற்றிய பழைய கூலரைத் திருகுகளோடு பத்திரப்படுத்துங்கள். வாரண்டிக்கும் மறுவிற்பனைக்கும் அது வேண்டும்.

டியூப் விஷயத்தில் அழகை விரும்புபவர்கள் என்னோடு உடன்பட மாட்டார்கள். வளைத்துப் பொருத்தும் பிஇடிஜி என்ற கடின பிளாஸ்டிக் குழாய் பார்க்க மிக நேர்த்தியானது. ஆனால் அது 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும் பொருள், நம் கோடையில் நீர் 46ஐத் தொடுகிறது. ஃபேன் ஒன்று நின்றுபோனால் மீதி இடைவெளி எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். கடினக் குழாய்தான் வேண்டும் என்றால் அக்ரிலிக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். நிறமற்ற மென்மையான பிவிசி டியூபில் இன்னொரு தொல்லை: அதிலுள்ள மென்மையூட்டி மெல்லக் கசிந்து பிளாக்கின் கால்வாய்களில் வெண்படலமாகப் படியும், வெப்பம் கூடினால் அது விரைவுபடும். நான் போட்டிருப்பது கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் டியூப், உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர். அழகு குறைவு. இத்தனை கோடைகளுக்குப் பிறகும் அதே டியூப்தான் இருக்கிறது.

ஃபிட்டிங்குகளின் திருகு அளவு எல்லா நிறுவனங்களுக்கும் ஜி 1/4 என்பதால் கலந்து வாங்கலாம். பேரோ, பைக்ஸ்கி போன்ற சீனத் தயாரிப்புகள் விலைக்கு நல்ல தரம். ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு ஃபிட்டிங் தேவை, வளைவுகளுக்குத் தனியாகச் சில. கூட்டிப் பார்த்தால் இந்தச் செலவு ஒரு ரேடியேட்டரின் விலையைத் தாண்டிவிடும், முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். கையால் இறுக்கினாலே உள்ளிருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் அடைத்துக்கொள்ளும். ஸ்பானர் போட்டால் அக்ரிலிக் பாகம் விரிசல் விடும். கார்டுக்கு முன்னும் பின்னும் கழற்றி மாட்டும் குவிக் டிஸ்கனெக்ட் இணைப்புகளைப் போட்டிருக்கிறேன். கூலன்டை வடிக்காமல் கார்டை வெளியே எடுக்க முடிகிறது. விலை அதிகம், ஒவ்வொரு ரூபாய்க்கும் தகும்.

நீர் நிரப்பும் முன் புதிய ரேடியேட்டரை வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கழுவுங்கள், கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். பற்றவைப்பின்போது தங்கிய ஃபிளக்ஸ் கறுப்பாக வெளியேறும். பிறகு அளவுமானி பொருத்திய கைப்பம்பால் காற்றை ஏற்றி, அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். முதன்முறை நீர் விடும்போது மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் 24 முனை இணைப்பில் பச்சைக் கம்பியின் முனையையும் ஒரு கறுப்புக் கம்பியின் முனையையும் சேர்த்து, பம்ப்பை மட்டும் ஓட்டலாம். கம்பிகள் எல்லாமே கறுப்பாக இருந்தால் முனைகளின் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயில் வியர்த்து நீர் சொட்டுமோ என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நீர் எப்போதும் அறையைவிடச் சூடாக இருப்பதால் அதற்கு வாய்ப்பே இல்லை.

கூலன்டில் நிறமற்றதையே எடுங்கள். பால் போல அடர்ந்த நிறக் கூலன்டுகளில் மிதக்கும் துகள்கள் நாளடைவில் படிந்துவிடும். அரிப்புத் தடுப்பானும் பாசி தடுப்பானும் கலந்து வருவதை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன், சித்திரை வெயிலுக்கு முன்பாக. அமைப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டி இணைப்பும் சிறு வால்வும் வைத்திருப்பதால் வடிப்பது எளிது. இடையில் ரிசர்வாயர் மட்டம் கொஞ்சம் இறங்கும். அது கசிவு அல்ல, ரப்பர் வழியே ஆவி மெல்ல வெளியேறுவது. நீரோட்ட மானி ஒன்று இருந்தால் உள்ளே அடைப்பு சேர்வதை முன்பே காட்டிக்கொடுக்கும்: பம்ப் வேகம் மாறாமல் ஓட்டம் குறைந்தால் பிளாக்கைத் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது. ரேடியேட்டர் தூசியை மாதம் ஒருமுறை புளோயரால் ஊதுகிறேன், ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு.

வடித்த பழைய கூலன்டை வாசலிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். பலவற்றில் எத்திலீன் கிளைகால் இருக்கும். அது இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், கொஞ்சமே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுத்துவிடும். நான் மூடியிட்ட கேனில் சேர்த்து, ‘விஷம்’ என்று எழுதி ஒட்டி, பழைய இன்ஜின் ஆயிலும் கூலன்டும் சேகரிக்கும் கார் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன்.