ஊட்னடாட்டா, கிப் ரிவர், சிம்ப்சன்: குழந்தைகளோடு எந்தத் தடத்தில் இறங்கலாம்?

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் குடும்பத்தோடு கூடாரமடித்துப் பயணம் போக நினைப்பவர்கள் மத்தியில் மூன்று தடங்களின் பெயர்கள் அடிக்கடி அடிபடுகின்றன. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா தடம், மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் ஓடும் கிப் ரிவர் சாலை, சிம்ப்சன் பாலைவனத்தைக் குறுக்கே கடக்கும் ஃபிரெஞ்ச் லைன் ஆகியவையே அவை. இவற்றுள் எது அழகானது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். எந்தத் தடம் எதற்காகப் போடப்பட்டது என்று கேட்டுப் பார்த்தால், குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு எது ஏற்றது என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஊட்னடாட்டா தடம் தண்ணீரைத் தேடி உருவானது. 1872இல் முடிந்த தந்திக் கம்பி வழியும், பின்னர் வந்த, 'கான்' என்று பெயர்பெற்ற ரயிலின் பழைய பாதையும், பாலைநிலத்தில் வரிசையாக ஊறும் ஊற்றுகளை ஒட்டியே போடப்பட்டன. ஒட்டகத்துக்கும் நீராவி எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டியிருந்ததுதான் காரணம். கிப் ரிவர் சாலை, கிம்பர்லியின் கால்நடைப் பண்ணைகளிலிருந்து மாடுகளை டெர்பி, விண்டம் துறைமுகங்களுக்கு லாரியில் கொண்டுபோவதற்காக 1960களில் போடப்பட்டது. ஃபிரெஞ்ச் லைனோ, அதே பத்தாண்டில் ஒரு பிரெஞ்சு நிறுவனம் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க மணற்குன்றுகளின் குறுக்கே நேராக இழுத்த கோடு. அதன் ஓரத்தில் யாரும் குடியிருக்க வேண்டும் என்று எவரும் எண்ணியதில்லை.

முதலில் காலக்கணக்கு. சிட்னியிலோ மெல்பர்னிலோ அடிலெய்டிலோ வாழும் குடும்பத்துக்கு இந்தப் பயணத்துக்கு வசதியான விடுமுறை ஜூலையில் வரும் இரண்டு வாரம்தான். மூன்று தடங்களுக்கும் அது ஏற்ற பருவமே. ஆனால் மெல்பர்னிலிருந்து கிப் ரிவர் சாலையின் கிழக்கு முனைக்கு அருகிலுள்ள கனனாராவை அடைய ஏறத்தாழ 4,000 கி.மீ. ஓட்ட வேண்டும், திரும்பவும் அதே தூரம். பெர்த்திலிருந்து போனாலும், சாலையின் மேற்கு முனைப் பக்கத்து ஊரான புரூமுக்கே 2,200 கி.மீ.க்கு மேல். சொந்த வண்டியில்தான் போவேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் இரண்டு வார விடுமுறையின் பெரும்பகுதியை நெடுஞ்சாலையிலேயே கழித்துவிட்டு, பள்ளத்தாக்குகளில் அவசர அவசரமாகக் கால் நனைத்துத் திரும்ப வேண்டியிருக்கும். ஊட்னடாட்டா தடத்தின் தொடக்கமான மேரீக்கு அடிலெய்டிலிருந்து ஒரு நீண்ட பகலிலோ, குழந்தைகளை மதித்து ஒன்றரை நாளிலோ போய்ச் சேர்ந்துவிடலாம்.

மேரீயிலிருந்து மார்லா வரை சுமார் 615 கி.மீ. நீளும் இந்தத் தடத்தில், வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா என இரண்டு ஊர்கள் ஏறத்தாழ 200 கி.மீ.க்கு ஒன்றாக அமைந்துள்ளன; டீசலும் சூடான சாப்பாடும் இரண்டிலும் கிடைக்கும். குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. வழியில் குழந்தைகளுக்கு அலுப்புத் தட்டாது. மூக்கு வானத்தை நோக்க நிமிர்த்தி நிறுத்தப்பட்ட இரண்டு விமானங்களைக் கொண்ட மியூட்டோனியா சிற்பப் பூங்காவும், நீல்ஸ் ஆற்றின்மேல் அரை கிலோமீட்டருக்கும் அதிகமாக நீளும், ரயில் மறந்துபோன அல்ஜபக்கினா இரும்புப் பாலமும், கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கும் கட்டி தண்டா ஏர் ஏரியின் தென்கரையும் இந்தத் தடத்தில்தான் வருகின்றன. அந்த ஏரி அரபனா மக்களுக்குப் புனிதமானது. உப்புப் பரப்பில் வண்டியை இறக்குவது சட்டப்படியும் மரியாதைப்படியும் கூடாது.

நின்று பார்க்க வேண்டியது 'பப்ளர்' என்னும் மேட்டூற்று. கண்டத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் விரிந்திருக்கும் பெரும் ஆர்ட்டீசியன் நிலத்தடி நீர்ப்படுகையின் அழுத்தம், சுற்றிலும் பொட்டல் வெளியாகக் கிடக்கும் ஒரு மேட்டின் உச்சியில் வட்டமான சிறு குளமாக வெளிப்படுகிறது. சற்று நேரம் அசைவற்றிருக்கும் நீர், அடியிலிருந்து சாம்பல்நிற மணலை உருட்டிக்கொண்டு தடித்த குமிழாகப் பொங்கி, பரவி, மறுபடி அடங்குகிறது. அருகிலுள்ள கோவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமில், ரயில் ஊழியர்கள் காலத்துப் பேரீச்ச மரங்களின் நிழலில் கூடாரமடித்து, பழைய ரயில் கட்டைகளால் கட்டிய தொட்டியின் வெதுவெதுப்பான ஊற்று நீரில் புழுதி தீரக் குளிக்கலாம். மேரீயில் 'ஆப்கானியர்' என்ற ஒரே பெயரில் அழைக்கப்பட்ட ஒட்டகக்காரர்கள் மண்ணாலும் கூரையாலும் எழுப்பிய பள்ளிவாசலின் மாதிரி வடிவம் ஒன்று இருக்கிறது. அவர்களில் பலர் பலுசிஸ்தான், பெஷாவர், சிந்து என அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இந்தத் தடத்தின் குறை மழை. சில மில்லிமீட்டர் பெய்தாலே களிமண் சோப்பாக வழுக்கும், தடத்தை மூடிவிடுவார்கள், மூடிய தடத்தில் ஓட்டினால் கடுமையான அபராதம். ஆகவே திட்டத்தில் இரண்டு நாளாவது சும்மா உட்காருவதற்கு ஒதுக்க வேண்டும். ஜூலை இரவுக் குளிரையும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1960 ஜனவரி 2ஆம் தேதி 50.7 டிகிரி தகித்த அதே ஊட்னடாட்டாவில், ஜூலைப் பகல் 20 டிகிரியைச் சுற்றி இதமாக இருந்தாலும், விடியற்காலையில் குழந்தைகள் உறங்குபையை விட்டு வெளியே வர மாட்டார்கள்.

காட்சிக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் கிப் ரிவர் சாலைதான் முந்தும். இதில் எனக்கு ஐயமில்லை. சுமார் 660 கி.மீ. நீளத்தில் பெல், கால்வன்ஸ், மேனிங் என்று அடுத்தடுத்துப் பள்ளத்தாக்குகள். ஒவ்வொன்றிலும் அருவியும் நீந்தும் குளமும். ஜூலையில் பகல் வெப்பம் 30 டிகிரி என்பதால் தண்ணீரில் இறங்கிய பிள்ளைகளைக் கரையேற்றுவதுதான் பெற்றோரின் ஒரே சிரமம். சாலையிலிருந்து சற்றே விலகினால் டனல் கிரீக். சுமார் 750 மீட்டர் நீளமுள்ள அந்த இருட்டுக் குகையை டார்ச் வெளிச்சத்தில் முழங்கால் நீரில் நடந்து கடக்கலாம். புனூபா மக்களின் போராளி ஜண்டமர்ரா ஒளிந்திருந்ததும் 1897இல் கொல்லப்பட்டதும் அங்கேதான்.

முதலை விஷயத்தில் மட்டும் பொதுவிதி எதையும் நம்பக் கூடாது. ஆற்றைக் கடக்குமுன் ஒருவர் இறங்கி நடந்து ஆழம் பார்க்க வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். பென்டகோஸ்ட் ஆற்றில் அதைச் செய்யக் கூடாது. அங்கு உவர்நீர் முதலைகள் உண்டு. கரையில் நிறுத்தி, முன்னால் ஒரு வண்டி கடக்கும்போது தண்ணீர் சக்கரத்தில் எதுவரை ஏறுகிறது என்று பார்த்துவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு மெதுவாக, நிற்காமல் போவதே முறை. விண்ட்ஜனா பள்ளத்தாக்கில் மணல்கரையில் வெயில் காய்பவை ஆளைத் தேடி வராத நன்னீர் முதலைகள் என்றாலும், அங்கே குளிக்க நினைப்பது புத்திசாலித்தனம் அல்ல.

இந்தச் சாலையின் உண்மையான எதிரி ஆறு அல்ல, தகரக் கூரைபோல் அலையலையாக இறுகிக் கிடக்கும் தரை. நாள் முழுதும் அதிர்வதில் கூரைக் கேரியரின் போல்ட்டுகள் தளரும். பெட்டிக்குள் ஒன்றோடொன்று உரசும் அலுமினிய டின்கள் ஓட்டையாகிப் பானம் முழுவதும் கசிந்துவிடும். பின்கதவு ரப்பரில் சிறு விரிசல் இருந்தாலும் அரிசிப் பைவரை செம்புழுதி ஏறும். டயர் அழுத்தத்தை 28 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, வேகத்தை 80க்குக் கீழே வைத்தால் பாதித் தொல்லை தீரும். ஒரு ஸ்டெப்னி போதாது, இரண்டு வேண்டும்; கூர்கற்கள் டயரின் பக்கச்சுவரைக் கிழித்தால் ஒட்டுப் போட முடியாது. டெர்பியிலிருந்து சுமார் 300 கி.மீ.யில் மவுண்ட் பார்னெட் ரோடு ஹவுஸில் எரிபொருள் கிடைக்கும் என்பதால் அதில் பெரிய கவலை இல்லை.

சிம்ப்சனைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை, கணக்கே பேசிவிடும். பாலைவனத்தின் மேற்கே உள்ள மவுண்ட் டேரிலிருந்து கிழக்கே உள்ள பேர்ட்ஸ்வில் வரை 500 கி.மீ.க்கும் மேல், ஆயிரத்துக்கும் அதிகமான மணற்குன்றுகள், இடையில் ஒரு சொட்டு டீசல் கிடையாது, மணலிலோ வண்டி வழக்கத்தைவிட மிக அதிகமாகக் குடிக்கும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஐந்து நாளைக்கு, தலைக்கு 7 முதல் 10 லிட்டர் வீதம், தண்ணீர் மட்டுமே 140 முதல் 200 கிலோ. குன்றேற்றத்தில் டிரெய்லர் இழுப்பது வம்பை விலைக்கு வாங்குவது என்பதால், கூடுதல் டீசலும் கூடாரமும் சாப்பாடும் பிள்ளைகளும் ஒரே வண்டியின் எடை வரம்புக்குள் அடங்கியாக வேண்டும். பெரும்பாலான குடும்ப வண்டிகளில் அடங்காது. அதோடு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பாலைவனப் பூங்காக்கள் மூடப்பட்டிருக்கும். திறந்திருக்கும் மாதங்களில் எதிர்வரும் வண்டிக்குத் தெரிய உயரமான கம்பத்தில் கொடி கட்ட வேண்டும். பேர்ட்ஸ்வில் அருகே சுமார் 40 மீட்டர் உயரமுள்ள பிக் ரெட் குன்றில் ஏறிப் பார்ப்பதற்காக மட்டும் சிம்ப்சனைக் கடக்க வேண்டியதில்லை. பேர்ட்ஸ்விலிலிருந்தே பகலில் போய் வரலாம். முழுதாகக் கடப்பதென்றால் இரண்டு வண்டிகளும் பதின்வயதுப் பிள்ளைகளும் வேண்டும்.

மூன்றிலும் பெரும்பகுதி தூரத்துக்குக் கைபேசி வேலை செய்யாது. செயற்கைக்கோள் தொலைபேசியோ, இருக்கும் இடத்தை மீட்புக் குழுவுக்கு அறிவிக்கும் அவசர பீக்கனோ வாடகைக்காவது எடுத்துச் செல்ல வேண்டும். 1928இல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை எங்கும் வரும், ஆனால் நீங்கள் இருக்கும் இடம் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வண்டி நின்றுபோனால் அதைவிட்டு நடக்கக் கூடாது என்பதில் விதிவிலக்கே இல்லை. 1963 டிசம்பரில் பேர்ட்ஸ்வில் தடத்தின் அருகே ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் காரைவிட்டு நடந்து, தாகத்தில் இறந்துபோனார்கள். சமையலிலும் தண்ணீர்க் கணக்கு நுழையும்: அரிசி களைந்து வடிப்பதைவிட அவலும் ரவை உப்புமாவும் இங்கே புத்திசாலித்தனம்.

ஆகவே முதல் பயணத்துக்கு ஊட்னடாட்டாவையே தேர்ந்தெடுப்பேன். மூன்று வாரத்துக்குமேல் நீண்ட விடுப்பு கிடைக்கும் ஆண்டில், புரூமுக்கு விமானத்தில் போய் வாடகை வண்டியில் கிப் ரிவர் சாலையைச் சுற்றலாம். ஒப்பந்தத்தில் மண்சாலையும் ஆற்றைக் கடப்பதும் காப்பீட்டுக்குள் அடங்குமா என்று கையெழுத்துக்கு முன் வரிவரியாகப் படிக்க வேண்டும். ஊட்னடாட்டாவைத் தெற்கிலிருந்து வடக்காகப் போவது நல்லது. மார்லாவில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையின் தார் கிடைத்துவிடுவதால், மழையால் நாள்கள் வீணானால் நேரே தெற்கே திரும்பலாம். மிஞ்சினால் வடக்கே உலுருவைப் பார்த்துவிட்டு வரலாம்.